கைதட்டினால் கணிதம் வராது

“நம்ம பிள்ளைங்களுக்கு அறிவு இருக்கு, தன்னம்பிக்கைதான் இல்ல.” எங்கள் ஊரான பாகான் செராயில் கல்வியைப் பற்றி எந்தக் கூட்டம் நடந்தாலும் இது யார் வாயிலிருந்தாவது வந்துவிடும். தலைகள் ஆடும். அடுத்தது தீர்மானம்: எஸ்.பி.எம். தேர்வுக்கு முன் ஒரு தன்முனைப்பு முகாம். பிள்ளை கல்லூரிக்குப் போனால் அதே சரக்கு மன அழுத்த மேலாண்மை என்ற பெயரில் வருகிறது. வேலைக்குப் போனால் நல்வாழ்வுப் பயிலரங்கு, தொடர்கல்விச் சான்றிதழோடு. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. படிவம் 4-இல் கூடுதல் கணிதத்தை எடுக்காதே என்கிறோம். எஸ்.டி.பி.எம். போகிற பிள்ளையிடம் கணிதம் டி வேண்டாம் என்கிறோம். கல்லூரி விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தால் முதல் கேள்வியே “மேத்ஸ் இல்லாத கோர்ஸ் எது?” என்பதுதான்.

இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே எண்ணம். பிள்ளையின் தடை மனத்தில் இருக்கிறது. மனத்தைச் சரிசெய்தால் படிப்பு தானே வரும். கணிதம் மட்டும் வராமல் போனாலும் பாதகமில்லை, அது இல்லாமலும் வாழலாம். இந்த எண்ணம் தவறு. நம்மைப் போன்ற சிற்றூர்க்காரர்களுக்கு ஆபத்தும்கூட.

எதிர்த்தரப்பை நீர்த்துப்போகச் செய்யாமல் சொல்லிவிடுகிறேன். 2022-ஆம் ஆண்டின் மலேசியத் தேசியச் சுகாதார ஆய்வு, நம் பதின்ம வயதினரில் நால்வரில் ஒருவர் மனச்சோர்வில் இருப்பதாகக் காட்டியது. எட்டுப் பேரில் ஒருவருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருக்கிறது. இதை அற்பமாக நினைக்க யாருக்கும் உரிமையில்லை. கணிதத் தாளைக் கண்டதும் கை நடுங்கும் பிள்ளை கற்பனைப் பாத்திரம் அல்ல. தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தைக் காலி செய்துவிட்டு டவுனுக்கு வந்த குடும்பங்களில் “உன்னால் முடியும்” என்று சொல்ல ஆளில்லாமல் போனதும் உண்மை. பெரியவர்களில் பெரும்பாலோர் பள்ளியை விட்டபின் இருபடிச் சமன்பாட்டைத் தொட்டதேயில்லை. பேசத் தெரிந்த, பழகத் தெரிந்த ஆள்தான் வேண்டும் என்கிறார்கள் முதலாளிகள். கணக்கைச் செயற்கை நுண்ணறிவு போட்டுக்கொள்ளும் என்பார்கள். முகாம் நடத்துகிறவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து, சொந்தக் காசில் எண்ணெய் ஊற்றி வருகிறவர்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தோடு எனக்குச் சண்டையில்லை. சண்டை அவர்களுடைய தர்க்கத்தோடு.

1. தன்னம்பிக்கை வந்தால் கணிதம் வருமா, கணிதம் வந்தால் தன்னம்பிக்கை வருமா? முகாம்கள் முதலாவதை அடித்துச் சொல்கின்றன. இரண்டாவதைக் கேட்டுப் பார்த்ததாகவே தெரியவில்லை. டிம்ஸ் என்ற அனைத்துலகக் கணித, அறிவியல் தேர்வு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. அது மாணவர்களிடம் கணக்கோடு மனநிலையையும் கேட்கிறது: கணிதம் உனக்கு வரும் என்று நினைக்கிறாயா, பிடிக்கிறதா? ஜப்பான், கொரியா, தைவான் பிள்ளைகள் மதிப்பெண்ணில் உச்சியில் நிற்கிறார்கள்; தன்னம்பிக்கைக் கேள்வியிலோ கடைசி வரிசைக்குப் பக்கத்தில். தன்னம்பிக்கைதான் முதற்படி என்றால் இவர்கள் தோற்றிருக்க வேண்டும். ஒரே நாட்டுக்குள் பார்த்தால் தன்னம்பிக்கை உள்ள பிள்ளைதானே கூடுதல் மதிப்பெண் வாங்குகிறது என்பார்கள். வாங்கத்தான் செய்யும். கணக்கு வருகிற பிள்ளைக்குக் கணக்கில் நம்பிக்கை இருப்பதில் என்ன அதிசயம்?

இந்த மருந்தை நமக்கு முன்பே பெரிய அளவில் குடித்துப் பார்த்தவர்கள் உண்டு. 1986-இல் கலிபோர்னியா மாநிலம் மக்களின் தன்மதிப்பை உயர்த்த அரசுப் பணிக்குழுவே அமைத்தது. பள்ளிகளில் அது ஓர் இயக்கமாகப் பரவியது. 2003-இல் ராய் பாமைஸ்டர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தார்கள். தன்மதிப்பை உயர்த்தினால் படிப்பு உயரும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. நல்ல தேர்ச்சியால் தன்மதிப்பு ஓரளவு உயர்வதாக மட்டும் தெரிந்தது.

நேர்மைக்காக எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு, ‘அறிவு வளரக்கூடியது’ என்று விளக்கும் இணையப் பயிற்சி ஒன்று கொடுத்தார்கள். மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. 2019-இல் நேச்சர் இதழில் வந்த முடிவு: பின்தங்கிய மாணவர்களின் சராசரி, நான்கு புள்ளி அளவுகோலில் 0.1 கூடியது. அதே ஆய்வுக் குழு பின்னர் இன்னொன்றைக் கண்டது. கணித ஆசிரியருக்கும் அந்த எண்ணம் இருந்த வகுப்புகளில்தான் பயன் நின்றது. மற்ற வகுப்புகளில் கரைந்துவிட்டது. மிகச் சிறந்த சான்றே கடைசியில் வகுப்பறை வாசலில் போய் நிற்கிறது.

சிக்கல் எங்கே இருக்கிறது என்று கிட்டத்தில் போய்ப் பாருங்கள். பத்திலிருந்து மூன்றைக் கழித்து வர்க்கப்படுத்து என்றால் ஏழின் வர்க்கம், 49. அதையே அடைப்புக்குறியை விரித்துப் போடு என்றால் நம் பிள்ளைகளில் பலர் 100-லிருந்து 9-ஐக் கழித்து 91 என்று எழுதுகிறார்கள். நடுவில் வரவேண்டிய 60 காணாமல் போகிறது. 100-லிருந்து 60-ஐக் கழித்து 9-ஐக் கூட்டினால்தான் 49. இந்த ஒரு பிழை படிவம் 2-இல் திருத்தப்படாவிட்டால் இருபடிச் சார்பு, ஆய கணிதம், வகைநுண்கணிதம் என்று போகுமிடமெல்லாம் கூடவே போகும். பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பார்க்கிற ஆசிரியருக்கு இதைப் பிடிக்கப் பத்து நிமிடம் போதும். மேடையில் நிற்கிறவருக்கு நோட்டு தெரியாது. அந்தப் பிள்ளைக்குத் தன்னம்பிக்கையை ஊட்டினால் 91 என்ற விடையை இன்னும் தெம்பாக எழுதும்.

2. குற்றவாளிக் கூண்டில் பிள்ளையை ஏற்றியது யார்? முகாமின் உச்சக் காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மண்டபத்து விளக்கை அணைக்கிறார்கள். சோகப் பாட்டு. கண்ணை மூடு, உன் அம்மாவின் கையை நினைத்துப் பார், உன் அப்பா உனக்காக எத்தனை ஷிப்டு வேலை செய்கிறார் என்று ஒலிபெருக்கி கேட்கிறது. ஓர் ஓரத்தில் விசும்பல் தொடங்கும். ஐந்து நிமிடத்தில் மண்டபமே அழும். பிறகு வெள்ளித் தட்டில் மஞ்சள் தண்ணீர், பூ, பெற்றோருக்குப் பாதபூசை. படம் எடுக்கிறார்கள். பெற்றோரும் அழுதுகொண்டே பிள்ளையைக் கட்டிக்கொள்கிறார்கள். பாசத்தைக் குறை சொல்லவில்லை. அந்தக் காட்சிக்குள் ஒளிந்திருக்கும் குற்றச்சாட்டைச் சொல்கிறேன்: இவர்கள் இவ்வளவு பாடுபட்டும் நீ படிக்கவில்லையே, குறை உன்னிடம்தான்.

உண்மையில் குறை யாரிடம்? டிம்ஸ் தேர்வில் மலேசிய இரண்டாம் படிவ மாணவர்களின் கணிதச் சராசரி 1999-இல் 519. 2023-இல் 411. இது தமிழ்ப் பிள்ளைகளின் எண் அல்ல, நாட்டின் எண். பீசா என்ற இன்னோர் அனைத்துலகத் தேர்வில் 2022-இல் நமக்கு 409, ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி 472. கணிதத்தில் அடிப்படை நிலையான இரண்டாம் படியை எட்டிய நம் மாணவர்கள் 41 விழுக்காடு, அந்நாடுகளில் 69. கால் நூற்றாண்டில் மலாய், சீன, இந்திய, கடசான், இபான் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றுகூடித் தன்னம்பிக்கையைத் தொலைத்துவிட்டார்களா? கற்பித்தலில் ஏதோ உடைந்திருக்கிறது என்பதல்லவா எளிய விளக்கம்?

உடைந்தவற்றில் சிலவற்றை விரல் விட்டே சொல்லலாம். 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. 2009-இல் அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் என்று ஆங்கிலம் சில பள்ளிகளில் திரும்பி வந்தது. தமிழ்ப்பள்ளியில் தமிழில் பின்னம் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் மலாயில் இயற்கணிதம் படித்து, கல்லூரியில் ஆங்கிலத்தில் நுண்கணிதத்தை எதிர்கொள்கிறது. 2020-இல் படிவம் 4-இன் அறிவியல், கலைப் பிரிவுகள் போய், பாடத் தொகுப்பு முறை வந்தது. விருப்பம்போல் பாடம் எடுக்கலாம் என்பது கேட்க இனிமை. எடுக்கிற பிள்ளைகள் குறைந்த சிற்றூர்ப் பள்ளியில் கூடுதல் கணிதத்துக்கு ஒரு வகுப்பையும் ஆசிரியரையும் ஒதுக்குவது எவ்வளவு கடினம் என்று தலைமையாசிரியர்களைக் கேளுங்கள். வகுப்பே இல்லாத இடத்தில் பிள்ளைக்கு மனத்தடை என்று பேசுவது, பேருந்து வராத நிறுத்தத்தில் நிற்பவனைச் சோம்பேறி என்பது போல.

அறுபதுக்கு நாற்பது என்று 1967-இலேயே ஓர் இலக்கு வைத்தார்கள்: மேல்நிலை மாணவர்களில் அறுபது விழுக்காடு அறிவியல் தொழில்நுட்பப் பக்கம் போக வேண்டும். இன்றுவரை எட்டவில்லை. அதற்கு அமைச்சு யாருடைய காலைக் கழுவியது?

3. “அப்படியானால் ஸ்ரீ முருகன் நிலையம் சாதித்தது எப்படி?” இதுதான் என் பக்கம் வீசப்படும் பெரிய கல். வீசட்டும். 1982-இல் டாக்டர் மு. தம்பிராஜா தொடங்கிய அந்தக் கல்வி நிலையத்தில் பிரார்த்தனை உண்டு, உணர்ச்சியூட்டும் பேச்சு உண்டு, பத்துமலைக்குக் கல்வி யாத்திரை உண்டு. அதோடு நின்றிருந்தால் அது இன்னொரு முகாமாகப் போயிருக்கும். வாரம் தவறாமல் வகுப்பு நடந்தது. பல்கலைக்கழக மாணவர்கள் வந்து பாடம் எடுத்தார்கள். முந்தைய ஆண்டு அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணனும் அக்காளும் கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்றார்கள். நம்மவர்கள் அங்கிருந்து பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, வகுப்பை அங்கேயே விட்டுவிட்டார்கள். வகுப்பு நடத்துவதுதானே சிரமம்.

கல்லூரிக் கணிதத்திலும் இதற்கு ஒரு புகழ்பெற்ற நிகழ்வு இருக்கிறது. 1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஊரி டிரைஸ்மன் என்ற இளம் கணிதக்காரர், முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று ஆராயப் புகுந்தார். முதலில் சக ஆசிரியர்களைக் கேட்டார். கிடைத்த பதில்கள் நமக்குப் பழக்கமானவை: ஊக்கம் இல்லை, அடித்தளம் இல்லை, வீட்டில் ஆதரவு இல்லை, வறுமை. அவர் அதோடு விடவில்லை. கறுப்பின மாணவர் இருபது பேரையும் சீன வம்சாவளி மாணவர் இருபது பேரையும் கூடவே இருந்து மாதக்கணக்கில் கவனித்தார். ஊக்கத்துக்குக் குறைவே இல்லை. அந்தக் கறுப்பின மாணவர்களின் பெற்றோர் பிள்ளை பல்கலைக்கழகம் போகவேண்டும் என்றே உழைத்தவர்கள். வேறுபாடு ஒன்றுதான். சீன மாணவர்கள் கூடி உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள், ஒருவர் விடையை மற்றவர் திருத்தினார்கள், தேர்வில் என்ன வரும் என்று அலசினார்கள். கறுப்பின மாணவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படித்தார்கள். தான் எங்கே தவறுகிறோம் என்று சொல்ல அவர்களுக்கு ஆளில்லை.

டிரைஸ்மன் வைத்த மருந்து என்ன? தன்முனைப்பு உரை வைக்கவில்லை. எளிமைப்படுத்திய பாடமும் வைக்கவில்லை. கடினமான கணக்குத் தாள்களைக் கொடுத்து, குழுவாக உட்கார வைத்தார். அதில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிடத் தெளிவாக மேலான மதிப்பெண் பெற்றார்கள். அதற்கும் பயிலரங்கு என்றுதான் பெயர். பென்சிலைக் கீழே வைக்காத பயிலரங்கு.

போகிற போக்கில் ஒன்று. எல்லா முகாமிலும் திரையில் ராமானுஜன் படம் வருகிறது. கும்பகோணத்து ஏழைப் பிள்ளை, நீயும் ஆகலாம். ஆகட்டும். ஆனால் அவருக்கு யாரும் கைதட்டச் சொல்லித் தரவில்லை. பள்ளி வயதில் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த நூல் ஒன்று கைக்குக் கிடைத்தது, ஏறத்தாழ ஐயாயிரம் கணித முடிவுகள், பெரும்பாலும் முழு நிரூபணம் இல்லாமல். அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். அதே படக்காட்சியில் நமக்கு நெருக்கமான இன்னொருவரையும் சேர்க்கலாம். யாழ்ப்பாணத்துக்காரரான சி. ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜில் இயற்பியலாளர் டிராக்கிடம் பயின்றவர். 1959-இல் கோலாலம்பூருக்கு வந்து மலாயாப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். நாம் ரப்பர் மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் நம் தலைநகரத்தில் ஒரு தமிழர் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ‘நமக்குக் கணக்கு வராது’ என்கிறவர்கள் அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை.

4. வாழ்க்கையில் எங்கே பயன்படுகிறது என்று கேட்பவர், கணக்குத் தெரியாததால் யார் எவ்வளவு இழந்தார் என்று எண்ணிப் பார்த்ததில்லை. களும்பாங், கூலா தோட்டங்களைச் சுற்றி வாழ்ந்தவர்கள் நாம், அங்கிருந்தே தொடங்குவோம். மரம் வெட்டியவருக்குக் கூலி பாலின் எடைக்கு அல்ல, பாலில் இருக்கும் உலர்ந்த ரப்பருக்கு. பால் நிறுக்கும் இடத்தில் கிராணி மெட்ரோலாக் என்ற அளவுக் கருவியை வாளியில் மிதக்கவிட்டு ஒரு விழுக்காட்டை எழுதுவார். முப்பது கிலோ பாலில் 35 விழுக்காடு என்றால் பத்தரைக் கிலோ ரப்பர். 30 என்று எழுதினால் ஒன்பது கிலோ. ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோ. 26 நாளைக்கு 39 கிலோ. எழுதுகிறவர் பேனாவில் இருந்தது குடும்பத்தின் அரிசி. சரிபார்க்கத் தெரிந்தவன் சங்கத்தில் போய் நின்று பேசினான். தெரியாதவன் கும்பிட்டுவிட்டு வந்தான்.

தோட்டம் போய்விட்டது, அந்தப் பேனா போகவில்லை. பத்தாயிரம் வெள்ளி மோட்டார் சைக்கிள், ஆண்டுக்கு 8 விழுக்காடு நிலையான வட்டி, ஐந்து ஆண்டு என்று கடைக்காரர் சொல்கிறார். வட்டி 4,000, மொத்தம் 14,000, மாதம் 233 வெள்ளி 33 காசு. எட்டு விழுக்காடுதானே என்று கையெழுத்துப் போடுகிறோம். முதல் மாதத்திலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. வட்டி மட்டும் கடைசிவரை முழுப் பத்தாயிரத்துக்கும் போடப்படுகிறது. உண்மையில் மிச்சமிருக்கும் கடனுக்குக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 14 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இதைக் கண்டுபிடிக்கத் தேவையான பெருக்குத் தொடர் படிவம் 4-இன் கூடுதல் கணிதப் புத்தகத்தில் இருக்கிறது. நாம் எடுக்கவேண்டாம் என்று சொன்ன அதே பாடம்.

பெருக்குத் தொடர் இன்னொரு வேலையும் செய்யும். நல்வாழ்வுப் பயிலரங்கு என்று அழைத்து, கடைசி அரைமணியில் ஒரு மாத்திரைப் புட்டியையும் ஒரு வட்ட வரைபடத்தையும் எடுத்துவைக்கிற கூட்டங்களை இந்த வட்டாரத்தில் பார்க்காதவர் குறைவு. நீ ஆறு பேரைச் சேர், அவர்கள் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்க்கட்டும். எட்டாம் படியில் 1,679,616 பேர். மலேசிய இந்தியர் மொத்தமே ஏறத்தாழ 20 லட்சம். ஒன்பதாம் படியில் ஒரு கோடியைத் தாண்டும். பத்தாம் படியில் 60,466,176, நாட்டின் மக்கள்தொகையே போதாது. கடைசிப் படியில் நிற்பவர்களின் பணம்தான் மேலே ஏறுகிறது என்பது எழுதிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரியும். ஆனால் அங்கே எழுதிப் பார்க்கச் சொல்வதில்லை. கண்ணை மூடி உங்கள் கனவு வீட்டைப் பாருங்கள் என்கிறார்கள்.

வேலைக்கு வருவோம். விடிவதற்கு முன் நம் கிரியான் வட்டாரத்திலிருந்து பினாங்குப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கிளம்பும் பேருந்துகளில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள், பெரும்பாலும் ஆப்பரேட்டர்களாக. இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு கட்டுப்பாட்டு வரைபடம் இருக்கும்: நடுவில் ஒரு கோடு, மேலும் கீழும் எல்லைக் கோடுகள். புள்ளி எல்லையைத் தாண்டினால் மேற்பார்வையாளரைக் கூப்பிடு என்பது ஆப்பரேட்டருக்குச் சொல்லப்பட்டது. எட்டுப் புள்ளிகள் தொடர்ந்து நடுக்கோட்டின் ஒரே பக்கம் விழுந்தால், எல்லையைத் தாண்டாவிட்டாலும், இயந்திரம் நழுவத் தொடங்கிவிட்டது என்று டெக்னீஷனுக்குத் தெரியும். அது தற்செயலாக நடக்கும் வாய்ப்பு 128-இல் ஒன்றுதான். படிவம் 5-இன் நிகழ்தகவுப் பரவல்தான் இது. ஒரே தொழிற்சாலை, ஒரே பேருந்து, வேறு சம்பளம். மென்திறன் வேண்டும் என்று முதலாளி சொல்வது மெய். டெக்னீஷன் நேர்காணலுக்கு உள்ளே வந்துவிட்டவர்களிடையே தேர்ந்தெடுக்கும்போது சொல்வது அது. வாசலுக்கே வராதவனுக்குப் புன்னகை எதற்கு?

கணக்கு இல்லாத கோர்ஸ் என்ற ஆலோசனையின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடுதல் கணிதம் இல்லாமல் பொறியியல் கதவு பெரும்பாலும் சாத்தப்படுகிறது. அதற்குப் பதிலாக ஏதோ ஒரு தனியார் கல்லூரி டிப்ளோமா, பிடிபிடிஎன் கல்விக் கடன், படித்து முடித்து அதே பேருந்து, அதே ஆப்பரேட்டர் வேலை, கடன் மட்டும் கூடுதல்.

5. மனநலத்தைப் பேசுகிறவர்களே மனநலத்துக்கு என்ன செய்தார்கள்? பயந்த பிள்ளைக்கு மூச்சுப்பயிற்சி நல்லது. சோர்ந்த பிள்ளைக்கு ஆலோசகர், தேவைப்பட்டால் மருத்துவர். கூட்டமாக உட்கார வைத்து நடத்தும் பொது வகுப்பு அந்த வேலையைச் செய்யாது. பிரிட்டனில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு மனக்குவிப்புப் பாடம் நடத்திப் பார்த்தார்கள். 2022-இல் முடிவு வந்தது: வழக்கமான வகுப்புகளைவிட அது மேலாக எதையும் செய்துவிடவில்லை. பெரியவர்களுக்கும் அதே கதை. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த வில்லியம் பிளெமிங் பிரிட்டனின் 233 நிறுவனங்களில் 46,336 ஊழியர்களின் பதில்களை அலசி 2024-இல் எழுதினார்: மீள்திறன் பயிற்சி, மன அழுத்த மேலாண்மை, நல்வாழ்வுச் செயலி, எதில் சேர்ந்தவரும் சேராதவரைவிட நலமாக இல்லை. விதிவிலக்காகத் தெரிந்தது ஒன்று, தன்னார்வத் தொண்டு.

இங்கே பத்தோ அதற்கு மேலோ ஊழியர் உள்ள நிறுவனங்கள் பல சம்பளப் பட்டியலில் ஒரு விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக்கு வரியாகக் கட்டுகின்றன. அது தொழிலாளியின் திறனை வளர்க்க வந்த பணம். அதில் எவ்வளவு புள்ளியியலுக்கும் எவ்வளவு ‘மகிழ்ச்சியான மனம்’ போன்ற தலைப்புகளுக்கும் போகிறது என்று உங்கள் கம்பெனியில் கேட்டுப் பாருங்கள். வேலை நேரத்தைக் குறைக்காமல், சம்பளத்தைத் தொடாமல், ‘மன அழுத்தத்தை நீயே சமாளி’ என்று சொல்ல முதலாளிக்கு இதைவிட மலிவான வழியில்லை. பிள்ளைக்கு நாம் செய்வதும் அதேதான். கணிதத்தில் மூன்று ஆண்டு பின்தங்கி ஒவ்வொரு வகுப்பிலும் ஊமையாக உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய மன அழுத்தம் ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு என்ன இருக்கப்போகிறது? அதைக் குறைக்க அந்த மூன்று ஆண்டுப் பாடத்தைச் சொல்லித்தர வேண்டும்.

6. செயற்கை நுண்ணறிவு போட்டுவிடும் என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. 91 என்று விடை வந்தால் அது தவறு என்று தெரிய யாராவது ஒருவர் வேண்டும். கைபேசியே கடன் ஒப்பந்தத்தையும் படித்துச் சொல்லும், உண்மைதான். என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்தவனுக்குச் சொல்லும்.

மிச்சம் இருப்பது பணம். “வகுப்பு நடத்த எங்கே வசதி?” முகாமுக்கு வசதி இருந்ததே. பேச்சாளர், ஒலிபெருக்கி, பதாகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 4,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சங்கத்தின் உண்மைத் தொகையை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மணிக்கு 40 வெள்ளி கொடுத்தால் அது நூறு மணி நேரக் கணித வகுப்பு. வாரம் இரண்டு மணி நேரம், ஐம்பது வாரம். ஆசிரியர் இல்லை என்றும் சொல்லமுடியாது. கிரியான் ஆற்றுக்கு அக்கரையில், டிரான்ஸ்கிரியானில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001-இல் தரோனோவிலிருந்து இடம்பெயர்ந்து வந்து உட்கார்ந்திருக்கிறது. அங்கே படிக்கிறவர்களில் பெரும்பாலோர் கூடுதல் கணிதத்தைத் தாண்டி வந்தவர்கள். தமிழ் மாணவர்களும் இருக்கிறார்கள். நிபோங் திபாலில் கொமுட்டர் ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் பாகான் செராய். டிக்கெட்டும் மதியச் சாப்பாடும் சங்கம் கொடுக்கட்டும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, ஐந்தைந்து பேராக, நோட்டோடு, படிவம் 2-இன் அடைப்புக்குறியை விரிப்பதிலிருந்து வகுப்பு தொடங்கட்டும்.